பூட்டிய திரையும் திறந்த கருவும்

1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய அம்முயற்சியே லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் பொது உரிமத்தை அவர் 1992இல் ஏற்றார்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. நினைவகத்தையும் கருவிகளையும் நிரல்களுக்குப் பங்கிட்டு அளிப்பது அதன் பணி. ஒவ்வொரு கருவியையும் ஆள அதற்கு இயக்கி எனப்படும் தனி நிரல் வேண்டும். மூலநிரல் கையில் இருந்தமையால், பயனர் பலர் தம் கணினிக்கு வேண்டிய இயக்கிகளை மட்டும் தேர்ந்து, கருவைத் தாமே தொகுத்துக்கொண்டனர். தேர்வில் ஒன்று பிழைத்தாலும் கணினி எழாது போகலாம். ஆதலின் பழைய கருவை அழிக்காது வைத்துக்கொண்டு புதியதைச் சோதிப்பது வழக்கமாயிற்று.

வரைகலை அட்டையோ எளிதில் வசப்படவில்லை. அதன் உள்ளமைப்பை உற்பத்தியாளர் வெளியிட்டாலன்றி இயக்கி எழுதுதல் அரிது. என்விடியா நிறுவனம் லினக்ஸுக்கு இயக்கியைத் தந்தது. அதன் மூலநிரலைத் தரவில்லை. கரு மாறுந்தோறும் அவ்வியக்கியை மீண்டும் பொருத்த வேண்டியிருந்தது. பொருந்தாதபோது திரை இருண்டது. பழுது எங்கே என்று பார்க்கக் கருவை எழுதியவர்களுக்கும் வழியில்லை.

இந்நிலையை மாற்ற இருவேறு முயற்சிகள் எழுந்தன. 2007இல் ஏ.எம்.டி. நிறுவனம் தன் அட்டைகளின் தொழில்நுட்ப விவரங்களை வெளியிட முன்வந்தது. என்விடியா அட்டைகளுக்கோ, தன்னார்வலர்கள் நூவோ என்னும் இயக்கியைப் படைத்தனர். மூடிய இயக்கி அட்டைக்கு இடும் கட்டளைகளை உற்றுநோக்கி, அவற்றின் பொருளை ஒவ்வொன்றாக உய்த்துணர்ந்தனர். 2010இல் வெளிவந்த 2.6.33ஆம் பதிப்பில் நூவோ கருவினுள் இடம்பெற்றது. எனினும் 2014 முதல் வந்த புதிய தலைமுறை அட்டைகள், நிறுவனம் கையொப்பமிட்ட உள்நிரல் இன்றி முழு வேகத்தில் இயங்க மறுத்தன. தன்னார்வலர் உழைப்பு பெரிது. திறவுகோல் பிறர் கையில் இருந்தது.

2012இல் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், என்விடியாவைக் கடுஞ்சொல்லால் கண்டித்தார். பத்தாண்டு கழித்து, 2022ஆம் ஆண்டு மே திங்களில், அந்நிறுவனம் புதிய அட்டைகளுக்குரிய இயக்கியின் கருப்பகுதியைத் திறந்து வைத்தது. படம் வரைதற்குரிய மேற்பகுதியை அது அப்போது திறக்கவில்லை.

கருவியை விலைக்கு வாங்கியவர் அதனைப் பயன்படுத்தலாம். அதன் செயலைக் கற்றவரே அதனைச் செப்பனிட வல்லவர். கற்பதற்கு நூல் திறந்திருத்தல் வேண்டும். நூவோவைப் படைத்தோர் நூலே இல்லாத பாடத்தை உற்றுநோக்கிக் கற்றவர்கள். மாணவர்கள் அவர்களிடம் கொள்ளத்தக்கது அப்பொறுமையே ஆகும்.