காம்புடைய பல் காளான்கள்

தொப்பியின் அடியில் செவுள்களோ துளைகளோ இன்றி, கீழ்நோக்கித் தொங்கும் முட்களில் வித்துகளை உருவாக்கும் காம்புள்ள பூஞ்சைகள். 1753-இல் லின்னேயஸ் முள்ளுள்ள காளான்களை ஹிட்னம் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். இவ்வடிவம் வெவ்வேறு கால்வழிகளில் தனித்தனியே தோன்றியது என்பது இன்று தெளிவு.

வகைப்பாடு: ஹிட்னம் கேந்தரெல்லேல்ஸ் வரிசையைச் சேர்ந்தது, ஹிட்னெல்லம், சார்க்கோடான், ஃபெல்லோடான் ஆகியவை தெலிஃபோரேல்ஸ், பைன் கூம்புகளில் வளரும் ஆரிஸ்கல்பியம் வல்கேர் ருசுலேல்ஸ்.

இனங்காணல்: வித்துத்தூள் ஃபெல்லோடானில் வெண்மை; ஹிட்னெல்லம், சார்க்கோடான் இரண்டிலும் பழுப்பு. இவ்விரண்டையும் முன்பு சதையின் கடினத்தைக் கொண்டு பிரித்தனர். டிஎன்ஏ ஆய்வின்படி 2019-இல் சார்க்கோடான் சிற்றினங்கள் பல ஹிட்னெல்லத்துக்கு மாற்றப்பட்டன. விவரிக்கையில் மணம், முட்களின் நிறம், அவை காம்பில் இறங்கும் அளவு, வெட்டிய சதையின் நிறம் ஆகியவற்றையும் குறிப்பது இன்றியமையாதது.