பட்ட மரங்களின் சாட்சியம்

சரித்திரம் என்றதும் நமக்குக் கல்வெட்டும் செப்பேடும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. எழுதி வைக்காத ஜனங்களுக்குச் சரித்திரமே கிடையாது என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் என்றுமே உடன்பாடில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் நிற்கும் சில பட்ட மரங்கள் என் கட்சிக்குச் சாட்சி சொல்கின்றன.

வாஷிங்டன் மாநிலத்தில் கோப்பாலிஸ் என்றொரு சிற்றாறு. அதன் கரையில், உப்புச் சதுப்பின் நடுவே, செடார் மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. உப்புத் தண்ணீரில் செடார் பிழைக்காது. அப்படியானால் அங்கே எப்படி வளர்ந்தது?

பிரயன் அட்வாட்டர் என்ற பூகர்ப்ப சாஸ்திரி அக்கரையின் கழிமுகங்களைத் தோண்டிப் பார்த்தார். சேற்றுக்கு அடியில் புல் முளைத்திருந்த பழைய தரை. அதன்மேல் கடல் வாரிக் கொட்டிய மணல். பூகம்பத்தில் தரை திடீரென்று தாழ்ந்திருக்கிறது. பின்னாலேயே பேரலை ஏறி வந்திருக்கிறது. 1987-இல் இதை வெளியிட்டார். பிறகு வில்லப்பா விரிகுடாவில், 3,500 ஆண்டுகளில் 7 முறை இப்படி நேர்ந்ததற்கு அடையாளம் கிடைத்தது.

கடைசிப் பூகம்பம் என்றைக்கு? அதற்கு விடை ஜப்பானில் இருந்தது. 1700 ஜனவரி 27 நள்ளிரவை ஒட்டிக் குவாகசாகி என்ற ஊரில் கடல் புகுந்தது, தீயும் பிடித்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பூமி அசைந்ததாக ஒரு வார்த்தை இல்லை. சுமத்ராவில் கடலடி பிளந்ததற்கு நாகப்பட்டினம் அழுததை 2004 டிசம்பரில் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெஞ்சி சதாகேயும் அவர் கூட்டாளிகளும் 1996-இல் கணக்குப் போட்டார்கள். பசிபிக்கைக் கடக்க அலைக்குச் சுமார் 10 மணி நேரம். ஆகவே அமெரிக்கக் கரையில் பூமி குலுங்கியது ஜனவரி 26 இரவு 9 மணி வாக்கில். மறு வருஷம் செடார் வேர்களின் வளையங்களை எண்ணியவர்களும், 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் மரங்கள் செத்தன என்றார்கள்.

இதற்கெல்லாம் வெகு முன்னால், 1964-இல், வான்கூவர் தீவின் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் முன்னோர் சொன்னதைச் சொன்னார்: ஓர் இரவு பூமி ஆடியது, பச்சீனா விரிகுடாவின் தாழ்ந்த கரையில் இருந்தவர்களைக் கடல் கொண்டுபோயிற்று, மேட்டில் வீடு கட்டியிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கல்வெட்டில்லாத அந்த ஜனங்கள் இரவு நேரத்தைக்கூட மறக்கவில்லை! இன்று அந்தக் கடற்கரைச் சாலைகளில் மேட்டுக்கு வழிகாட்டும் பலகைகள் நட்டிருக்கிறார்கள். பாட்டன் கதையும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது?