கெடாவில் வேட்டை

மலேசியாவின் வடமேற்கு மாநிலமான கெடாவில் வேட்டை நான்கு கட்டங்களைக் கண்டது. முதலில் அது அரசரின் யானைபிடிப்பு. பிறகு வெள்ளைக்காரத் துரைமாரின் பொழுதுபோக்கு. அதன்பின் தோட்ட மக்களின் பயிர்க்காவலும் கறித்தேவையும். இன்று உரிமம் பெற்றவர் மட்டுமே ஈடுபடக்கூடிய, சட்டத்துக்கு உட்பட்ட செயல். துப்பாக்கி யார் கையில் இருந்தாலும், காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டி முன்னே நடந்ததும், புதியவர் பின்னே சென்றதும் எல்லாக் காலத்திலும் மாறவில்லை. சுங்கைப் பட்டாணியைச் சூழ்ந்த தோட்டங்களும், கிழக்கே பாலிங், சிக், பாடாங் தெராப் மாவட்டக் காடுகளும் இந்த வரலாறு நிகழ்ந்த களங்கள்.

யானைபிடிப்பு

1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரமே இன்றைய கெடா. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் சோழமண்டலக் கரையோடு அதன் வணிக உறவு அறுபடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் கெடா சுல்தான்களுக்குப் பெரும் வருவாய் தந்தவற்றில் வெள்ளீயமும் யானையும் முக்கியமானவை. யானை பிடிக்கும் உரிமையை அரசரே தம்மிடம் வைத்திருந்தார். பழக்கிய யானைகளைத் துணைக்குக் கொண்டு காட்டு யானைகளைப் பிடித்து, பணிய வைத்து, கப்பலேற்றி வங்கக் கடலுக்கு அப்பால் அனுப்பினார்கள். நாகப்பட்டினம், பறங்கிப்பேட்டை, மசூலிப்பட்டினம் ஆகிய துறைமுகங்களுக்கும் கெடாவுக்கும் இடையே நடந்த வணிகத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. அங்கிருந்து வந்த கப்பல்கள் துணி கொண்டுவந்தன.

பாவாங்

பழைய மலாய் வேட்டையில் தலைமை ஏற்றவர் பாவாங். விலங்கின் தடமும் காட்டுத் தெய்வங்களுக்குரிய மந்திரமும் தெரிந்தவர் அவர். யானைக்கும் மானுக்கும் தனித்தனிப் பாவாங்குகள் இருந்தனர். மான் வேட்டையில் பிரம்புக் கயிற்றில் சுருக்குகளைத் தொங்கவிட்டுக் காட்டின் ஓரம் கட்டுவார்கள். மறுபுறமிருந்து ஆட்களும் நாய்களும் மானை விரட்டி வருவார்கள். எங்கே கட்டுவது, எப்போது புறப்படுவது, காட்டுக்குள் எதைப் பேசக்கூடாது என்பதெல்லாம் பாவாங் சொன்னபடியே நடந்தன. 1900இல் வெளிவந்த வால்டர் ஸ்கீட்டின் மலாய் மந்திரச் சடங்குகள் பற்றிய நூல் இவற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

காட்டறிவில் பாவாங்குக்கும் மூத்தவர்கள் பழங்குடியினர். பாலிங் மாவட்டத்தின் கம்போங் லூபோக் லெகோங்கில் வாழும் கென்சியு மக்கள் கெடாவின் ஓராங் அஸ்லி சமூகத்தினர். மூங்கில் ஊதுகுழலில் நச்சம்பை வைத்து ஊதிக் குரங்கையும் பறவையையும் வீழ்த்துவது அவர்களின் தொன்மையான முறை. ஈப்போ மரத்தின் பாலே அந்த நஞ்சு.

துரைமார் காலம்

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சயாம் கெடா மீதான மேலாதிக்கத்தைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தது. அதையொட்டிய ஆண்டுகளில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் காடு அழிந்து கித்தா (ரப்பர்) மரத் தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். இருப்பிடம் இழந்த பன்றியும் மானும் இளங்கன்றுகளைத் தேடித் தோட்டத்துக்குள் வந்தன. அவற்றின் பின்னால் புலியும் வந்தது.

அதே 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடத்திய வேட்டைப் பயணம் உலகெங்கும் பேசப்பட்டது. தொழில்முறை வேட்டையாளர் வழிநடத்த, சுமைக்காரர்கள் பின்தொடர, பணம் படைத்த புதியவர் சுடும் ஆப்பிரிக்க சஃபாரி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மலாயாவில் அப்படிப்பட்ட தொழில் வேரூன்றவில்லை. இங்கே துரைமாரும் அரசு அதிகாரிகளும் விடுமுறை நாளில் மலாய்க்காரரையோ பழங்குடியினரையோ தடம் காட்ட அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். சுட்டவர் பெயர் நூலில் ஏறியது. விலங்கின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை. இது இந்த வரலாற்றின் பெரிய அநீதி.

மலாயாவின் பெயர்பெற்ற வேட்டைக்காரர் தியோடோர் ஹப்பேக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கின் உடன்பிறந்தவர். யானை, காட்டெருது வேட்டை பற்றி 1905இல் நூல் எழுதிய அவரே பின்னாளில் வனவிலங்குகளுக்காக வாதாடினார். 1930க்கும் 1932க்கும் இடையே மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி விரிவான அறிக்கை தந்தார். பகாங், கிளந்தான், திரங்கானு எல்லைகள் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்கா, இன்றைய தாமான் நெகாரா, அவருடைய விடாமுயற்சிக்குக் கிடைத்த பலன்.

தோட்டத்தில் பன்றி வேட்டை

லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் வாழ்ந்த மக்களுக்கு வேட்டை என்றால் காட்டுப்பன்றி வேட்டைதான். பன்றி ஒரே இரவில் இளங்கன்றுகளைப் பிடுங்கிப் போடும். லயத்துக்குப் பின்னால் வளரும் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் கிளறித் தின்னும். மலாய்க் கிராமத்தினர் அந்தக் கறியை உண்பதில்லை என்றாலும் நெல்லையும் கிழங்கையும் காக்க அவர்களுக்கும் பன்றியை விரட்டியாக வேண்டியிருந்தது. தமிழர், சீனர் வீடுகளிலோ பன்றிக்கறி விருந்தாயிற்று. பன்றி விழுந்த நாளில் கறியைப் பங்கு போடுவது வேட்டைக்குப் போகாதவர்களுக்கும் மகிழ்ச்சி தந்தது. உடும்பும் லயத்துச் சட்டிக்கு வந்தது.

துப்பாக்கி எல்லோரிடமும் இல்லை. ஈட்டி, கத்தி, நாய், சுருக்கு ஆகியவையே தொழிலாளர் கையில் இருந்தன. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஆயுதக் கட்டுப்பாடு கடுமையானது. காட்டோரம் நடமாடுவதே உயிருக்கு ஆபத்தாக இருந்ததால் வேட்டையும் குறைந்தது. பிற்பாடு கித்தாவின் இடத்தைச் செம்பனை பிடித்தபோது நிலைமை மாறியது. உதிர்ந்த செம்பனைப் பழம் பன்றிக்கு ஆண்டு முழுவதும் தீனியானது.

வழிகாட்டியும் புதியவரும்

முதன்முறை வேட்டைக்குப் போகிறவரிடம் வழிகாட்டி உடனே துப்பாக்கியைக் கொடுப்பதில்லை. முதலில் தடம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார். கிளறிய மண் ஈரமாக இருக்கிறதா, உலர்ந்துவிட்டதா, மரத்தில் உரசிய சேறு எந்த உயரத்தில் இருக்கிறது, சேற்றுக்குழியில் தண்ணீர் கலங்கியிருக்கிறதா என்பவற்றைக் கொண்டே பன்றி போன நேரமும் அதன் பருமனும் கணிக்கப்படுகின்றன. பன்றிக்குக் கண்பார்வை மங்கல், மோப்பமோ மிகக் கூர்மை. அதனால் காற்றுக்கு எதிர்த்திசையில்தான் நெருங்க வேண்டும்.

விரட்டும் வேட்டையில் சுடுபவர்கள் வரிசையாக நிற்பார்கள். விரட்டுபவர்களும் நாய்களும் எதிர்ப்புறமிருந்து வருவதால், தன் இடத்தைவிட்டு நகராமல் இருப்பதும், விலங்கு தெளிவாகத் தெரியும்வரை விசையைத் தொடாமல் இருப்பதும் புதியவரின் முதல் கடமைகள். காயம்பட்ட ஆண் பன்றி திரும்பிப் பாயும். அதன் கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும். காயம்பட்டதைத் தேடிப் பிடித்து அதன் வேதனையை முடிக்காமல் வீடு திரும்புவது நல்ல வேட்டைக்காரருக்கு இழுக்கு.

சட்டம்

துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. வேட்டைக்கு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் தனியே தேவை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பழைய விதிகளை ஒருமுகப்படுத்திய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2010ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. காட்டுப்பன்றியைச் சுடவும் உரிமம் வேண்டும். சுருக்கு வைப்பது குற்றம். ஓராங் அஸ்லி மக்கள் தம் குடும்ப உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை மட்டும் வேட்டையாடலாம், விற்கக்கூடாது. புலி, யானை, காட்டெருது, அழுங்கு ஆகியவை முழுப் பாதுகாப்பில் உள்ளன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதிகபட்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறைத் தண்டனையை 15 ஆண்டுகளாகவும் உயர்த்தியது. மான் இனங்கள் குறைந்துவந்ததால் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட 2009இல் இடைக்காலத் தடை வந்தது. அது பின்னர் நீட்டிக்கப்பட்டது.

இன்றைய நிலை

1974இல் வனவிலங்குத் துறை யானைகளைப் பிடித்து இடம் மாற்றும் பிரிவைத் தொடங்கியது. தோட்டங்களில் புகும் யானைகளைச் சுடாமல் பிடித்து அடர்காட்டில் விடுவதே அதன் பணி. அதற்காக அசாமிலிருந்து பழக்கிய யானைகள் வந்தன. கெடா யானைகளை இந்தியாவுக்கு அனுப்பிய வணிகம் மறைந்து, இந்திய யானைகள் மலேசியக் காட்டு யானைகளைக் காக்க உதவிய காலம் அது.

2021இல் மலேசியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வளர்ப்புப் பன்றிகளோடு காட்டுப்பன்றிகளையும் கொன்றது. மலாயாப் புலிகள் காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாகத் தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. சுமத்ரா காண்டாமிருகம் மலேசியக் காடுகளில் இப்போது இல்லை. கெடாவில் பெருவிலங்குகளின் முக்கியப் புகலிடம் உலு மூடா. 1,60,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த இந்தக் காட்டில் தீபகற்பத்தின் பத்து வகை இருவாச்சிகளும் வாழ்கின்றன. உப்புமண் தேடி யானைகள் வருகின்றன. கெடாவின் வயல்களுக்கும் சுங்கைப் பட்டாணி முதல் பினாங்கு வரையிலான வீடுகளுக்கும் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்பும் இதுவே.

உலு மூடாவுக்குப் படகில் செல்பவர்களை இன்று உள்ளூர் வழிகாட்டிகள் உப்புமண் திட்டுகளுக்கும் விலங்குகளைப் பார்க்கும் பரண்களுக்கும் அழைத்துச் செல்கிறார்கள். தடம் படிக்கும் அந்தப் பழைய அறிவு அவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் துப்பாக்கி இல்லாமலே கற்க முடியும், கற்கவும் வேண்டும். காடு இருந்தால்தான் அது சாத்தியம். ஆகவே உலு மூடாவை மரம் வெட்டாமல் காப்பது கெடா மாநிலத்தவர் ஒவ்வொருவரின் பொறுப்பு.