குதிரையின் வமிசமும் நிலத்தின் நினைவும்

உயர்குலப் பந்தயக் குதிரைக்கு வமிசாவளி உண்டு. அதன் தாய் யாது, தந்தை யாது, பாட்டன் எத்திடலில் எப்பந்தயத்தில் வென்றது என்பனவெல்லாம் ஏட்டிற் பதியப்பட்டுள்ளன. இங்கிலாந்திலே 1791 ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய குதிரை வமிசப் பதிவேடு இன்றளவும் தொடர்ந்து வருகின்றது. ‘தறோபிறெட்’ எனப்படும் அவ்வினத்துக் குதிரைகள், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் கீழைத் தேசங்களிலிருந்து இங்கிலாந்தை அடைந்த மூன்று ஆண் குதிரைகளுள் ஒன்றையே தம் தந்தைவழி முதலாகக் கொண்டவை. ஆயின், அக்குதிரைகள் ஓடிய நிலத்திற்கு அத்தகைய ஏடு யாதுமில்லை. திடல் அழிந்தபின் அதன் கதை கண்டோர் நினைவளவில் நின்றுவிடுகின்றது. நினைவோ தனக்கு இனியவற்றைக் கொண்டு ஏனையவற்றைக் கைவிடும் இயல்பினது. இவ்வுண்மையைக் கலிபோர்ணியாவில் இருந்து மறைந்த தான்போரன் என்னும் பந்தயத் திடலின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

சான்பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே, சான் புறூனோ என்னும் ஊரில், 1899 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இத்திடல் திறக்கப்பட்டது. அந்நிலத்தை முன்னர் ஆண்டுவந்த குடும்பத்தின் பெயரே திடலுக்கும் பெயராயிற்று. கலிபோர்ணியச் சட்டசபை 1909 இற் பந்தயச் சூதாட்டத்தைத் தடைசெய்ய, குதிரைகள் ஓய்ந்தன. வெறுமையாய்க் கிடந்த திடல் வேறொரு புதுமைக்கு இடங்கொடுத்தது. 1911 சனவரி 18 ஆம் நாள் இயூஜீன் ஈலி என்னும் விமானி இத்திடலிலிருந்தே எழுந்து, குடாவில் நங்கூரமிட்டிருந்த பென்சில்வேனியா என்னும் போர்க்கப்பலின்மீது தம் விமானத்தை இறக்கினார். கப்பலின்மேல் விமானம் இறங்கியது உலகில் அதுவே முதன்முறை. 1933 இற் சூதாட்டத் தடை நீங்கியதும், பந்தயங்கள் மீண்டும் செழித்தோங்கின.

அக்காலத்துக் குதிரைகளுள் மக்கள் மனத்தை முற்றாகக் கவர்ந்தது சீபிஸ்கற். 1933 இற் பிறந்த அக்குதிரை புகழ்பெற்ற மான் ஓ வார் என்னும் குதிரையின் பேரன். உருவத்திற் சிறியது, முழங்கால் வளைந்தது, முதற் பதினேழு பந்தயங்களிலும் தோற்றது. 1936 இற் சாள்ஸ் ஹவார்ட் அதனை விலைக்கு வாங்கி, அதிகம் பேசாத பயிற்சியாளராகிய ரொம் சிமித்திடம் ஒப்படைத்தார். கலிபோர்ணியத் திடல்களில் அது பெற்ற வெற்றிகள் நாடெங்கும் பேசப்பட்டன. 1938 நவம்பர் முதலாம் நாள், மேரிலண்ட் மாநிலத்துப் பிம்லிக்கோத் திடலில், மான் ஓ வாரின் மகனாகிய வார் அட்மிரலை அது நேருக்கு நேர் எதிர்கொண்டு நான்கு குதிரை நீளத்தால் வென்றது. பெரும் பொருளாதாரத் தாழ்வினால் நலிந்திருந்த மக்கள், பலகாலம் தோற்றுப் பின் வென்ற அக்குதிரையிலே தம்மையே கண்டனர். பழைய திடல்களை எண்ணி ஏங்குவோர் இன்றும் முதலிற் சொல்வது சீபிஸ்கற்றின் பெயரையே.

அவர்கள் பெரிதும் சொல்லாது விடுவது சில ஆண்டுகளின் பின் நிகழ்ந்த கதை.

1941 டிசம்பரில் யப்பானியர் பேள் துறைமுகத்தைத் தாக்கினர். 1942 பெப்ருவரி 19 ஆம் நாள் சனாதிபதி ரூஸ்வெல்ற் 9066 ஆம் இலக்க ஆணையிற் கையொப்பமிட்டார். அதன் பயனாக அமெரிக்க மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தார் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, தோட்டம் ஆகியவற்றைக் கைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களில் மூன்றிலிரு பங்கினர் அமெரிக்க மண்ணிற் பிறந்த பிரசைகள். நிரந்தர முகாம்கள் கட்டி முடியும்வரை அவர்களை எங்கே வைப்பது? வேலியும் தொழுவங்களும் உடைய பந்தயத் திடல்கள் ஆயத்தமாக இருந்தன. ஏப்பிரில் 28 ஆம் நாள் தான்போரன் ஒரு தடுப்பு முகாமாயிற்று. ஏறக்குறைய 8,000 பேர் அங்கே அடைக்கப்பட்டனர். அவர்களிற் பலர் குதிரைத் தொழுவங்களிலேயே குடியிருத்தப்பட்டனர்.

அவர்களுள் ஒருவர் மினே ஒக்குபோ என்னும் ஓவியர். அவருக்கும் அவர்தம் தம்பிக்கும் கிடைத்தது இருபது அடி நீளமும் ஒன்பது அடி அகலமும் உள்ள ஒரு தொழுவம். சிலந்தி வலையையும் குதிரை மயிரையும் அகற்றாமலே சுவருக்கு வெள்ளை பூசியிருந்தனர். ஒளிப்படக் கருவி வைத்திருக்கக் கைதிகளுக்கு அனுமதியில்லை. ஆகவே கண்டவற்றை அவர் கோட்டோவியங்களாக வரைந்தார். அவையே 1946 இல் ‘பிரசை 13660’ என்னும் நூலாக வெளிவந்தன. அவ்விலக்கம் அவர் குடும்பத்திற்கு இடப்பட்டதாகும். பேர்க்கிலி பல்கலைக்கழக ஆசிரியராயிருந்த சியூரா ஒபாற்றா அதே முகாமில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சிறுவரும் முதியோருமாய் நூற்றுக்கணக்கானோர் அங்கே பயின்றனர். ஓடுபாதையின் நடுவிலிருந்த வெளியிலே கைதிகள் ஒரு சிறு குளம் தோண்டிப் பூங்காவும் அமைத்தனர். ஒக்ரோபர் மாதத்தில் முகாம் மூடப்பட, அவர்களிற் பெரும்பாலோர் யூற்றா மாநிலத்துப் பாலைநிலத்தில் அமைந்த தோப்பாஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

இங்கே நாம் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. அத்தொழுவங்களிற் குதிரைகள் வாழ்ந்தது தம் வமிசத்தின் பெருமையால். அதே தொழுவங்களில் மனிதர் அடைபட்டதும் தம் வமிசத்தின் காரணத்தாலேயே. எவர்மீதும் தனித்தனியே குற்றஞ் சாட்டப்படவில்லை, எவரும் விசாரிக்கப்படவில்லை, பாட்டன் பிறந்த நாடு எது என்பது ஒன்றே கேட்கப்பட்டது. குதிரையைத் தேர்வதற்கு வகுத்த அளவுகோலை மனிதன்மேல் வைத்தபோது விளைந்த அநீதி அது. பிறப்பினால் உயிர்களிடையே வேற்றுமை இல்லை என்னும் அறத்தை இளமையிலேயே கற்ற நமக்கு இதன் கொடுமை எளிதில் விளங்கும்.

போர் முடிந்தபின் தான்போரனில் மீண்டும் பந்தயங்கள் நடந்தன. 1964 இல் எரிந்த நெருப்பிற் பார்வையாளர் மண்டபம் அழிந்தது. 1971 இல் அந்நிலத்தில் வணிக வளாகம் எழுந்தது. சீபிஸ்கற் ஓடிய பே மெடோஸ் திடல் 2008 இலும், ஹொலிவூட் பார்க் 2013 இலும் மூடப்பட்டன. முன்னதன் நிலத்தில் வீடுகளும் பின்னதன் நிலத்தில் விளையாட்டரங்கும் எழுந்தன. நகரம் வளர நிலத்தின் விலை ஏறுகின்றது. ஆண்டின் ஒரு பகுதியிலேயே குதிரை ஓடும் பெருவெளி அவ்விலைக்கு ஈடுகொடுக்கமாட்டாது. திடல்கள் மறைவதன் தலையாய காரணம் இதுவே.

தொழுவத்தில் அடைபட்டோருக்குரிய நீதி மெதுவாகவே வந்தது. 1988 இல் அமெரிக்க அரசு சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கியது. 2022 இல், பழைய திடலின் அருகே சான் புறூனோ மின்தொடர்வண்டி நிலையத்தில் நினைவுச் சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. டொறதியா லாங் 1942 இல் எடுத்த ஒளிப்படத்திலுள்ள சிறுமியர் இருவர் அங்கே வெண்கலத்தில் நிற்கின்றனர்.

நம் நாட்டிலும் இதனோடு ஒப்பிடத்தக்க திடல் ஒன்றுண்டு. கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் 1893 இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் அதே போரில் விமான ஓடுபாதையாயிற்று. 1942 ஏப்பிரில் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானங்களை எதிர்க்க அங்கிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. 1950களிற் பந்தயங்கள் நின்றுபோக, பின்னாளில் அத்திடல் றகர் மைதானமாயிற்று. அதனருகே நடப்போருள் இதனை அறிந்தோர் எத்தனை பேர்?

பழைய குதிரைகளை எண்ணி ஏங்குதல் தவறன்று. அழகிய உயிர் ஒன்று தன் முழு ஆற்றலோடு ஓடக் கண்டவர் அதனை மறத்தல் அரிது. ஆயினும், அவ்வேக்கம் வரலாறு ஆகாது. வென்ற குதிரையின் பெயரையும், அதன் தொழுவத்திற் படுத்துறங்கிய சிறுமியின் துயரையும் ஒரே ஏட்டில் எழுதும்போதே நிலத்தின் வமிசாவளி நிறைவுபெறும். அவ்வேட்டை எழுதுதல் வரலாறு பயில்வோர் கடன்.