கிடங்கிலிருந்து பட்டறைக்கு: அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலரும் மலிவு ரைஃபிளும் (1865–2025)

முன்னுரை

அமெரிக்கத் துப்பாக்கிப் பண்பாட்டைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தை ஒட்டிய உரிமை வாதமாகவோ, குற்றங்களையும் உயிரிழப்புகளையும் கணக்கிடும் ஆய்வாகவோ அமைந்துள்ளன. இந்த இரண்டிலும் அதிகம் பேசப்படாதவர் ஒருவர் உண்டு. கூலியில் மிச்சம் பிடித்துப் பழைய ராணுவ ரைஃபிள் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் கழற்றி, துருவைத் துடைத்து, கட்டையை இழைத்து, மான் வேட்டைக்கோ இலக்குப் பயிற்சிக்கோ ஏற்றதாக மாற்றிக்கொண்ட ஆர்வலர்தான் அவர். புதிய ரைஃபிள் வாங்க வசதியில்லாத அவருக்கு மலிவான ஆயுதம் எங்கிருந்து வந்தது, அந்த வரவு எப்போது நின்றது, நின்றபின் அவர் என்ன செய்தார் என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் ஆராய்கிறது. வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் உரிய நீளத் துப்பாக்கிகளே இங்கு ஆய்வுப் பொருள். கைத்துப்பாக்கிகளின் வரலாறு தனி ஆய்வுக்குரியது.

இம்மலிவு சந்தைப் போட்டியில் மட்டும் விளைந்ததன்று. அரசுக் கிடங்குகள் திறந்தபோது பெருகியது, சட்டம் அவ்வழியை அடைத்தபோது வேறு வடிவம் எடுத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

போருக்குப் பிந்தைய வணிகம்

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் தேவைக்கு மிஞ்சிய ஆயுதங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை ஏலத்தில் எடுத்து விற்பதையே தொழிலாக்கியவர்களில் முதன்மையானவர் நியூயார்க்கின் ஃபிரான்சிஸ் பேனர்மேன். 1898-இல் நடந்த ஸ்பானிய-அமெரிக்கப் போருக்குப் பின் வந்த உபரியில் பெரும்பகுதியை அவரது நிறுவனமே வாங்கியது. அவ்வளவு வெடிப்பொருளை நகருக்குள் வைக்க வழியில்லாததால், 1900-இல் ஹட்சன் ஆற்றிலுள்ள பொலெபெல் தீவை வாங்கி, அங்கே கோட்டை வடிவில் கிடங்கு எழுப்பினார். அந்நிறுவனத்தின் விலைப்பட்டியல் நூல், ராணுவத்தின் கழிவுப் பொருளைச் சாதாரணக் குடிமகன் அஞ்சல்வழி வாங்கும் பழக்கத்தை நாடெங்கும் பரப்பியது. சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழி நிறுவனங்களும் கலப்பை, தையல் எந்திரம் ஆகியவற்றோடு துப்பாக்கியையும் தம் பட்டியலில் சேர்த்திருந்தன. உழவர் வீட்டில் துப்பாக்கியும் ஒரு தட்டுமுட்டுப் பொருளாக இருந்த காலம் அது.

அரசே விற்பனையாளர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசே நேரடியாக இவ்வணிகத்தில் இறங்கியது. குறிபார்த்துச் சுடத் தெரிந்த குடிமக்கள் இருந்தால் போர்க்காலத்தில் படை திரட்டுவது எளிது என்பது அதன் கணக்கு. 1871-இல் தொடங்கப்பட்ட தேசிய ரைஃபிள் சங்கமும் இந்நோக்கத்தோடு பிறந்ததே. 1903-இல் ரைஃபிள் பயிற்சியை ஊக்குவிக்கத் தேசிய வாரியம் ஒன்றை அமெரிக்க காங்கிரஸ் அமைத்தது. உபரி ராணுவ ரைஃபிள்களை ரைஃபிள் மன்றங்களுக்கு அடக்க விலையில் விற்க 1905-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1907 முதல் ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் தேசியப் போட்டிகள் நடந்தன. 1916-இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் குடிமக்கள் குறிசுடும் பயிற்சிக்கென ஓர் இயக்குநர் பதவியை உருவாக்கியது.

இந்த அலுவலகத்தின் வழியாகத்தான் கிராக்-யோர்கென்சன், 1903 ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற ரைஃபிள்கள், கடை விலையோடு ஒப்பிடவே முடியாத தொகைக்குச் சங்க உறுப்பினர்களின் கைக்கு வந்தன. இந்த ஏற்பாட்டின் உச்சம் 1963-இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட எம்1 கார்பைன் ஒன்று, அனுப்பும் செலவு உட்பட 20 டாலருக்கு விற்கப்பட்டது. இன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 200 டாலர்தான். வாங்குபவர் தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, அச்சங்கத்துக்கு ஆள் சேர்க்கும் அரசுச் சலுகையாகவே செயல்பட்டது. 1979-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பு அந்நிபந்தனையை நீக்கியது.

கொட்டகைக் கைவினை

போர்க்களத்துக்கென வடிக்கப்பட்ட ரைஃபிள் கனமானது. அதன் கட்டை குழலின் முனைவரை நீண்டிருக்கும். குறிகாட்டி வேட்டைக்கு ஒத்துவராது. அதை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றும் வழக்கத்துக்கு மேல்தட்டிலிருந்தே முன்மாதிரி கிடைத்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் தமக்கென மாற்றி அமைத்துக்கொண்ட 1903 ரைஃபிளை 1909-இல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டு சென்றார். மரத்தச்சரான சீமோர் கிரிஃபினும் உலோக வேலை வல்லுநரான ஜேம்ஸ் ஹோவும், எழுத்தாளரும் ராணுவ அதிகாரியுமான டவுன்சென்ட் வீலனின் ஊக்கத்தால் 1923-இல் நியூயார்க்கில் கிரிஃபின் அண்டு ஹோ நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களது ரைஃபிள்கள் செல்வர்களுக்கானவை.

அந்த அழகைத் தம் கையால் எட்டிப் பிடிக்க முயன்றவர்களே கொட்டகைப் பட்டறைக்காரர்கள். அவர்களது தேவையை நம்பி ஒரு சிறுதொழில் உலகமே எழுந்தது. மிசூரி மாநிலத்தின் வார்சா என்னும் சிற்றூரில் இயங்கிய பிஷப், ஃபாயென் ஆகிய நிறுவனங்கள் முக்கால்வாசி செதுக்கிய வால்நட் கட்டைகளை அனுப்பின. மிச்சத்தை வாங்கியவர் அரம்கொண்டும் உப்புத்தாள்கொண்டும் முடித்துக்கொள்வார். 1939-இல் அயோவாவின் மான்டெசூமாவில் பாப் பிரவுனெல் தொடங்கிய நிறுவனம் பட்டறைக் கருவிகளை அஞ்சலில் விற்றது. கொலராடோவின் டிரினிடாட் கல்லூரி 1947 முதல் துப்பாக்கிப் பட்டறைப் பணியைப் பாடமாகவே நடத்தியது. 1958-இல் ரிச்சர்டு லீ வடிவமைத்த சிறிய கைக்கருவி, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பும் வேலையைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கியைவிடத் தோட்டாவுக்கே அதிகம் செலவாகும் என்பதை அறிந்த சிக்கனக்காரர்களுக்கு இது பெரிய வரமாக அமைந்தது.

இக்கைவினைக்கு எச்சரிக்கை மரபும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் 8,00,000-க்கும் குறைந்த வரிசை எண்ணோடு வெளிவந்த 1903 ரைஃபிள்களில், எஃகைப் பதப்படுத்தியதில் நேர்ந்த குறையால் மேற்கூடு நொறுங்கும் ஆபத்து இருந்தது. ராக் ஐலண்டு சாலையில் செய்தவற்றுக்கு இந்த எல்லை 2,85,507. ஜெனரல் ஜூலியன் ஹாட்சர் 1947-இல் வெளியிட்ட குறிப்பு நூலில் வெடித்துச் சிதறிய ரைஃபிள்களைப் பற்றிய தகவல்களைத் தொகுத்துத் தந்தார். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதற்கு முன் வரிசை எண்ணைப் பார் என்பது அன்றிலிருந்து ஆர்வலர்களிடையே எழுதாத விதி.

உபரி வெள்ளமும் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியப் படைகள் போல்ட் ரைஃபிள்களைக் கைவிட்டன. முன்னாள் சிஐஏ ஊழியரான சாமுவேல் கம்மிங்ஸ் 1953-இல் தொடங்கிய இன்டர்ஆர்ம்கோ நிறுவனம் அவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கி, வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா ஆற்றங்கரைக் கிடங்குகளில் நிறைத்தது. மவுசர், லீ-என்ஃபீல்டு, கார்கானோ என்று பல நாட்டு ரைஃபிள்கள் பத்து, இருபது டாலருக்கு இதழ் விளம்பரங்களில் வந்தன.

உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. துப்பாக்கித் தொழில் வேரூன்றிய மாசசூசெட்ஸின் செனட்டர் ஒருவர், வெளிநாட்டு ராணுவ உபரி இறக்குமதியைத் தடுக்க 1958-இல் மசோதா கொண்டுவந்தார். அவர் ஜான் எஃப். கென்னடி. மசோதா அந்த வடிவில் நிறைவேறவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1963 மார்ச்சில், லீ ஹார்வி ஆஸ்வால்டு பொய்ப் பெயரில் சிகாகோவின் கிளைன்ஸ் நிறுவனத்திடமிருந்து தொலைநோக்கியுடன் கூடிய இத்தாலியக் கார்கானோ ரைஃபிளை 19.95 டாலருக்கும் அஞ்சல் செலவு 1.50 டாலருக்கும் வாங்கினார். நவம்பர் 22-இல், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த கென்னடியைக் கொன்ற ரைஃபிள் அதுதான் என்று அக்கொலையை விசாரித்த வாரன் ஆணையம் முடிவு செய்தது.

செனட்டர் தாமஸ் டாட் தொடங்கிய சட்ட முயற்சி ஐந்தாண்டு இழுபறிக்குப் பின், மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968-இல் நிறைவேறியது. அக்டோபர் 22-இல் லிண்டன் ஜான்சன் ஒப்பமிட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் தாண்டிய அஞ்சல்வழி விற்பனையையும் ராணுவ உபரி இறக்குமதியையும் ஒருசேர நிறுத்தியது. புதிய துப்பாக்கி ஒவ்வொன்றிலும் வரிசை எண் கட்டாயமானது, அதுவரை மலிவான .22 ரைஃபிள்கள் பல எண் இல்லாமலே விற்கப்பட்டன. பொதுப் பாதுகாப்பு கேட்டவர்களின் கோரிக்கையும், இறக்குமதிப் போட்டியை வெறுத்த தொழிற்சாலைகளின் நலனும் இச்சட்டத்தில் ஒன்றுசேர்ந்தன என்பது கவனிக்கத்தக்கது. 1960-களில் உள்நாட்டிலேயே மலிவுத் துப்பாக்கிகள் பெருகியிருந்தன. மார்லின் 60 (1960), மாஸ்பெர்க் 500 (1961), ரூகர் 10/22 (1964), ரெமிங்டன் 788 (1967) ஆகியவை, அச்சு வார்ப்பாலும் எளிய வடிவமைப்பாலும் விலை குறைக்கப்பட்டவை. உபரி விட்டுச்சென்ற இடத்தை இவை நிரப்பின.

இரண்டாம் அலை

1984-இன் வணிக, சுங்கவரிச் சட்டம், ஐம்பதாண்டுக்கு மேற்பட்டவை உள்ளிட்ட ‘அரும்பொருள், பழம்பொருள்’ வகை ராணுவத் துப்பாக்கிகளை மீண்டும் இறக்குமதி செய்ய அனுமதித்தது. சேகரிப்பாளர்கள் மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டி உரிமம் பெற்றால், இவ்வகைத் துப்பாக்கிகளை வீட்டு வாசலுக்கே தருவித்துக்கொள்ளலாம். 1986-இன் சட்டம் தோட்டாவை அஞ்சலில் வாங்கும் வசதியைத் திரும்பக் கொடுத்தது. சோவியத் ஒன்றியம் சிதறியபின் மோசின்-நாகான் ரைஃபிள்கள் பெட்டி பெட்டியாக வந்து, நீண்ட காலம் நூறு டாலருக்கும் குறைவாக விற்றன.

இந்தியாவுக்கும் இவ்வலையில் பங்குண்டு. வங்காளத்தின் இஷாபூர் ஆயுதத் தொழிற்சாலை 1960-களில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கென வடிவமைத்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் உபரியாகி அமெரிக்கக் கடைகளுக்குப் போயின. லீ-என்ஃபீல்டு வடிவத்தின் கடைசிக் கிளை என்று அவற்றை இன்றும் அங்குள்ள ஆர்வலர்கள் தேடுகின்றனர்.

இந்த வாசலும் மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. 1994-இல் சீனத் துப்பாக்கி இறக்குமதி தடைப்பட்டது. வெளிநாடுகளுக்கு அமெரிக்கா கொடுத்த பழைய ஆயுதங்கள் திரும்பி வருவதை 2013-இல் ஒபாமா அரசு நிறுத்தியது. 2021-இல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நின்றது. உள்நாட்டு அரசு விற்பனை மட்டும் 1996 முதல் தனி அறக்கட்டளை வடிவில் தொடர்கிறது.

பராமரிப்பு அறிவு

மலிவுத் துப்பாக்கி வாங்கியவர் பணத்துக்குப் பதில் உழைப்பையும் அறிவையும் கொடுக்க வேண்டியிருந்தது. கிடங்கில் பல்லாண்டு இருந்த ரைஃபிள் காஸ்மோலின் என்னும் கெட்டிக் கொழுப்பில் மூழ்கி வரும். அதைக் களைவதே முதல் வேலை. பழைய ராணுவத் தோட்டாவின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்கும் பொட்டாசியம் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். உப்பு எண்ணெயில் கரையாது, வெந்நீர்தான் கரைக்கும். எனவே அன்றன்றே நீரால் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் இடுவதே முறை. எம்1 கார்பைனுக்கு அமெரிக்கப் படை தொடக்கத்திலிருந்தே துருவேற்றாத தோட்டாவைப் பயன்படுத்தியதால், அந்த 20 டாலர் துப்பாக்கி வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தோட்டா அறையின் தேய்மானத்தை அளவுகோல் வைத்துச் சோதிக்காமல் சுடாதே என்பது இன்னொரு பாடம். நூல்களிலும் இதழ்களிலும் மன்றங்களிலும் கைமாறிய இவ்வறிவே ஆர்வலர் குழுவைக் கட்டிக் காத்தது.

முழுத் துப்பாக்கியிலிருந்து உதிரிபாகத்துக்கு

1958-இல் வந்த சாவேஜ் 110 ரைஃபிளில் குழலை ஒரு பூட்டுமரை பிடித்திருக்கும். விலை குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் ஆர்வலர் தாமே குழல் மாற்றிக்கொள்ள உதவியது. இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது, யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15. கோல்ட் நிறுவனம் 1964 முதல் அதைக் குடிமக்களுக்கு விற்றது. 1977-இல் முக்கியக் காப்புரிமை முடிந்தபின் பல நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கின. சட்டத்தின் கண்ணில் அதன் கீழ்க்கூடு மட்டுமே துப்பாக்கி. மற்ற பாகங்கள் சாதாரணச் சரக்கு. மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்த்துப் பூட்டும் வழக்கம் இதனால் பிறந்தது. மரத்தை இழைத்த கைகள் மரையாணி முறுக்கத் தொடங்கின.

சொந்தப் பயன்பாட்டுக்குத் துப்பாக்கி செய்ய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக உரிமம் கேட்பதில்லை. கொட்டகைக் கைவினையைக் காத்துவந்த இவ்விதிதான், முக்கால்வாசி முடித்த கூடுகளை வரிசை எண்ணும் பின்னணிச் சோதனையும் இல்லாமல் விற்கவும் இடம் கொடுத்தது. குற்ற விசாரணையில் தடம் காண முடியாத துப்பாக்கிகள் பெருகியபோது சட்டம் மறுபடி குறுக்கிட்டது. சொந்தமாகச் செய்த துப்பாக்கிக்கும் எண் வேண்டும் என்று கலிஃபோர்னியா 2016-இல் சட்டமியற்றியது. எளிதில் முடிக்கக்கூடிய பாகத்தொகுப்புகளையும் துப்பாக்கியாகக் கருதும் கூட்டாட்சி விதி 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26-இல் 7-க்கு 2 என்ற கணக்கில் அவ்விதியை ஏற்றது.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவதாக, மலிவு ரைஃபிளின் ஊற்று போர்களும் அரசுக் கொள்கையும்தான். தொழில்முனைவோர் அந்நீரைப் பாய்ச்சியவர்கள் மட்டுமே. இரண்டாவதாக, சட்டம் ஒவ்வொரு முறை வழியடைத்தபோதும் ஆர்வலர் பொழுதுபோக்கைக் கைவிடவில்லை. உபரியிலிருந்து உள்நாட்டுத் தயாரிப்புக்கும், அங்கிருந்து உதிரிபாகத்துக்கும் நகர்ந்தார். மதிப்பும் தலைகீழானது. அன்று கட்டையை அறுத்து மாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டுகளுக்கு இன்றைய சேகரிப்புச் சந்தையில் மாற்றாதவற்றைவிட விலை குறைவு. மூன்றாவதாக, 1968-இலும் 2022-இலும் கட்டுப்பாடு வந்தது கைவினையின் மீதுள்ள வெறுப்பால் அன்று. யார் வாங்குகிறார் என்று எவரும் கேளாத வழியாக அந்த மலிவு மாறியதே காரணம். ஆர்வலரின் சிக்கனமும் கொலையாளியின் வசதியும் ஒரே விளம்பரத்தில் அச்சாகியிருந்தன. அந்த இரண்டையும் பிரித்தறிய வாங்குபவரை அடையாளம் காணும் முறை ஒன்றே கருவி. அதை ஏற்கும் வரையில்தான் இக்கைவினைக்கு எதிர்காலம் உண்டு.