சர்ஃபாக்டின்: உற்பத்தி வரலாறு

சர்ஃபாக்டின் என்பது மண்வாழ் பாக்டீரியமான பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் உயிர்ப் பரப்புவினைப்பொருள். ஏழு அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பு அமிலமும் வளையமாக மூடிக்கொண்ட மூலக்கூறு இது. நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து ஏறத்தாழ 27 வரை இறக்கிவிடும்.

1968இல் ஜப்பானில் அரிமா, காகினுமா, தமுரா ஆகியோர் இதை அறிவித்தபோது, ஃபைப்ரின் உறைவைத் தடுக்கும் பொருளாகவே அடையாளம் காட்டினர். சிவப்பணுக்களையும் சிதைக்கும் இயல்பு மருத்துவப் பயனுக்குத் தடையாயிற்று. அடுத்த ஆண்டுகளில் மூலக்கூறின் அமைப்பு தெளிவானது. விளைச்சல் சொற்பமாகவே இருந்தது.

திருப்பம் 1981இல் கனடாவில் வந்தது. கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் ஏ.டி.சி.சி. 21332 என்னும் பேசில்லஸ் சப்டிலிஸ் வகையைக் குளுக்கோஸ் ஊடகத்தில் வளர்த்தனர். காற்றூட்டினால் கலன் நுரைத்துப் பொங்கும். நொதித்தல் தொழிலில் நுரை என்றாலே தொல்லை, அடக்குவதற்கென்றே எண்ணெய் ஊற்றுவார்கள். இவர்கள் நுரையை அடக்காமல், பொங்கப் பொங்க வெளியே எடுத்துச் சேகரித்தனர். பொருள் நுரையோடு ஏறி வந்துவிடுவதால், நுரைநீரில் அமிலம் சேர்த்ததும் வீழ்படிவாக அடியில் தங்கியது. கலனில் பொருள் தேங்காததால் விளைச்சலும் கூடியது. இரும்பு அல்லது மாங்கனீசு உப்பைச் சேர்த்தபோது மேலும் உயர்ந்து, லிட்டருக்குச் சுமார் 0.8 கிராம் கிடைத்தது. பிற உயிர்ப் பரப்புவினைப்பொருள்களின் உற்பத்தியைப் பொதுவாகத் தூண்டும் ஹைட்ரோகார்பன்களோ இங்கே உற்பத்தியை அடியோடு நிறுத்திவிட்டன. எண்ணெயைக் கலைக்கவல்ல பொருளுக்கு இது விசித்திரமான பிடிவாதம்தான்.

1989இல் மல்லிகன் குழு, புறஊதாக் கதிரால் பிறழ்வூட்டிய பாக்டீரிய வகையிலிருந்து, மூல வகையைவிட மும்மடங்குக்கும் மேல் விளைச்சல் பெற்றது. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் 168 என்னும் வகை சர்ஃபாக்டின் சுரப்பதில்லை; எஸ்.எஃப்.பி. மரபணுவில் உள்ள பழுதே காரணம் என்பது 1990களில் தெளிவாயிற்று.

இரும்பு விளைச்சலை உயர்த்தும் விதம் குறித்து ஒருமித்த விளக்கம் இல்லை. பாக்டீரியம் எதற்காக இதைச் சுரக்கிறது என்பதிலும் கருத்துகள் பலவாகும்: பரப்பின்மேல் கூட்டமாகப் படர, எதிரி நுண்ணுயிர்களை ஒடுக்க, உயிர்ப்படலம் கட்டுவதற்குச் சமிக்ஞை தர என்றெல்லாம் கூறப்படுகிறது. ஒன்று மற்றொன்றை விலக்குவதாகத் தெரியவில்லை.

செலவைக் குறைக்கும் முயற்சிகளில், பிரேசிலில் மரவள்ளி மாவு ஆலைக் கழிவுநீரை ஊடகமாக்கியது குறிப்பிடத்தக்கது. 2019இல் சீன ஆய்வாளர்கள் 168 வகையின் மரபணுக்களைத் திருத்தியமைத்து லிட்டருக்கு 12.8 கிராம் எட்டியதாக அறிவித்தனர்.