ஒரு புத்தகமும் ஒரு செங்கல்லும்: யாழ் நூலகத்துக்குச் சேர்த்த காசின் கதை

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு எங்களில் பலர் முதன்முதலாகப் போனது கதைப்புத்தகம் எடுக்க இல்லை, ஏ.எல். சோதனைக்குப் படிக்கத்தான். வீட்டில் சத்தம், அங்கே அமைதி. அந்த வெள்ளைக் கட்டிடம் எப்பவும் அப்படியே நின்றது போலத்தான் எங்களுக்குத் தோன்றியது. 1981இல் எரித்தார்கள் என்பது தெரியும். மே மாதம் முடிகிறபோது எல்லாரும் அதைப்பற்றி எழுதுவினம். ஆனால் அந்தக் கட்டிடம் முதல்தரம் யாருடைய காசில் எழும்பியது, எரிந்தபிறகு யாருடைய காசில் திரும்ப எழும்பியது எண்டு நாங்கள் கேட்டதே இல்லை. எரித்த கதைக்குப் பக்கத்தில் சேர்த்த கதையையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

அந்தக் கதை ஒரு வீட்டில் தொடங்குகிறது. 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதோடு நிற்காமல், எல்லாருக்கும் பொதுவாக ஒரு இலவச நூலகம் வேண்டும், உதவுங்கள் என்று வேண்டுகோளும் விட்டார். அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். காசும் புத்தகமும் சேர்ந்தன. 1934 ஓகஸ்ட்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறந்தது. அப்போது இருந்தவை 844 புத்தகங்களும் சில பத்திரிகைகளும் மட்டும்தான். 1935இல் அதை நகரசபை பொறுப்பெடுத்தது.

புத்தகம் கூடக் கூட இடம் காணவில்லை. 1950களின் தொடக்கத்தில், மேயர் சாம் சபாபதியின் காலத்தில், சொந்தமாக ஒரு பெரிய கட்டிடம் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. சென். பற்றிக்ஸ் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகளார் இதில் முன்னுக்கு நின்றவர். காசு சேர்க்கக் கார்னிவல் வைத்தார்கள். வந்த சனம் எல்லாம் புத்தகப் பிரியர்களாக இருந்திருக்க மாட்டார்கள். வேடிக்கை பார்க்க ரிக்கற் வாங்கின காசும் இந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. பிறகு அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னைக் கட்டிடக்கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் போட்டார். நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959 ஒக்ரோபரில் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். செல்லப்பாவின் வீட்டிலிருந்து இந்த மண்டபம் வரைக்கும் 26 வருடம்.

1981 மே 31 இரவில் தொடங்கிய அட்டூழியத்தில் பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் அதை எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அதில் திரும்ப வாங்கக்கூடிய புத்தகங்களும் இருந்தன, எந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் இருந்தன.

சனம் சும்மா இருக்கவில்லை. 1982இல் நூலக வாரம் நடத்தி ஆயிரக்கணக்கான புத்தகங்களைச் சேர்த்தார்கள். எரிந்த பகுதியை நினைவுச்சின்னமாக அப்படியே விட்டுவிட்டுப் புதுசாகக் கட்டுவோம் என்ற யோசனையும் அந்தக் காலத்தில்தான் வந்தது. 1984இல் நூலகம் மறுபடி திறந்தது. அடுத்த வருடமே சண்டைக்குள் அகப்பட்டது. பிறகு பல வருடம் சன்னம் துளைத்த சுவர்களாகவே நின்றது.

1990களின் பிற்பகுதியில் ஒரு புது வேண்டுகோள் வந்தது. இந்தத் தரம் கேட்டது அரசாங்கம். சந்திரிகா குமாரதுங்கவின் ஆட்சியில், மங்கள சமரவீர முன்னின்ற 'சுது நெலும்' இயக்கம் தெற்கில் வீடுவீடாகக் கேட்டது: ஒரு புத்தகம், ஒரு செங்கல். 25,000க்கு மேற்பட்ட புத்தகங்கள் சேர்ந்தன. வெளிநாட்டு உதவியும் வந்தது. எரிந்த கட்டிடம் பழைய தோற்றத்திலேயே திருத்தி எடுக்கப்பட்டது.

இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. எங்களில் சிலர் சொன்னார்கள்: "தெற்கில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தந்த புத்தகத்தில் என்ன பிழை? அந்தப் பிள்ளையா எரிச்சது?" மற்றவர்கள் கேட்டார்கள்: "எரிச்சவை ஆர் எண்டு சொல்லாமல் வெள்ளை அடிச்சால், அது திருத்தமா, மறைப்பா?" இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

வித்தியாசம் காசின் தொகையில் இல்லை. 1934இலும் 1950களிலும் கொடுத்தவர்கள் தங்களுக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று கொடுத்தார்கள். 1990களில் கொடுத்தவர்களில் நல்ல மனத்தோடு கொடுத்தவர்கள் நிறையப்பேர் இருந்திருப்பார்கள். ஆனால் கேட்டது ஒரு அரசு. யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் கேட்டது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் செங்கல்லை வைத்தது. அதனால்தான் எரிந்ததை அப்படியே விடுங்கள் என்ற பழைய குரல் திரும்பவும் கேட்டது.

2003 பெப்ரவரியில் திறப்புக்கு நாள் வைத்தபோது விடுதலைப் புலிகள் எதிர்த்தார்கள். அந்த அழுத்தத்தைக் கண்டித்து மாநகரசபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். திறப்பு தள்ளிப்போய், 2004இல்தான் வாசகர்கள் உள்ளே போனார்கள். பொதுமக்களுக்கான ஒரு நூலகத்தை எப்போது திறக்கலாம் என்று முடிவெடுக்கிற இடத்தில் வாசிக்கிற சனம் இருக்கவில்லை. இதையும் நாங்கள் மறைக்காமல் எழுத வேண்டும்.

2016இல் பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். செங்கல் முதலில் வந்தது, சொல் பிறகு வந்தது. தண்டனை இன்னும் வரவில்லை. எரித்ததற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அதற்காக நாங்கள் நூலகத்துக்குப் போகாமல் விடுகிறோமா? இல்லை. தந்த புத்தகத்தை வாசிப்போம், கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்போம். ஒன்றைச் செய்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்றையும் இந்தக் கதையில் இருந்து எடுத்துக்கொள்கிறோம். கட்டிடத்துக்குக் காசு சேர்க்கலாம், பழையபடி கட்டலாம். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடு எரிந்தால் எந்தக் கார்னிவலும் அதைத் திருப்பித் தராது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணி எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. அதுவும் சனத்தின் காசிலும் உழைப்பிலும்தான் ஓடுகிறது. எங்களுக்கு அது செல்லப்பாவின் வேண்டுகோளின் தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது.

உங்கள் அம்மம்மாவின் பெட்டிக்குள் ஒரு கோயில் மலர் இருக்கலாம். பள்ளிக்கூட ஆண்டு மலர், கல்வெட்டு, கையெழுத்துச் சஞ்சிகை, ஏதாவது இருக்கலாம். இந்தக் கிழமை ஒருக்காத் திறந்து பாருங்கள். கறையான் தின்னமுதல் எடுத்துக் கொடுங்கள். 844 புத்தகமும் அப்படி வீடுகளில் இருந்துதான் வந்தது.